பழைய இதழ்களில் கிடக்கும் மின்னஞ்சல் முகவரிகள்

மட்டக்களப்பிலிருந்து வெளிவந்த ‘செங்கதிர்’, ‘மகுடம்’ போன்ற இதழ்களைத் தேடி வாவியின் இருபுறமுள்ள எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் அலையவேண்டிய காலம் போய்விட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து இதழ்களையும் மலர்களையும் எவரும் இலவசமாகப் படிக்கலாம். 1978 சூறாவளியிலும் போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் வீடுகளோடு ஏடுகளையும் பறிகொடுத்த மாவட்டத்துக்கு இது பெரும்பேறு. ஆனால் சிற்றிதழ்களில் ஆக்கங்கள் அனுப்பவென்று மின்னஞ்சல் முகவரி அச்சிடுவது வழக்கம். சில நூறு பிரதிகள் அச்சிட்ட இதழில் அது வாசகருக்கு விடுத்த அழைப்பு. உலகமே பார்க்கும் காப்பகத்தில் அதே வரி, எரிதம் எனப்படும் குப்பை மின்னஞ்சலுக்கு வாசலாகிவிடும். ஆகவே இத்தகைய காப்பகம் எதுவாயினும் ஆவணத்தைத் திறந்துவைக்கும்போதே தனிநபர் முகவரியை மறைத்துவைப்பதும் அதன் கடமை.

முகவரி திரட்டும் நிரல்கள் பக்கம் பக்கமாக மேய்ந்து, ‘அட்’ குறியைக் கண்டதும் அதன் இருபுறமுள்ள எழுத்துகளை அள்ளிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ‘ஜனநாயகத்துக்கும் தொழினுட்பத்துக்குமான மையம்’ புதிய முகவரிகளை உருவாக்கி ஆறு மாதம் கண்காணித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. வந்த எரிதங்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, பொது இணையத்தளங்களில் இடப்பட்ட முகவரிகளுக்கே வந்திருந்தன. எழுத்துகளை மாற்றி மறைத்து இட்ட முகவரிகளுக்கு ஒன்றும் வரவில்லை. வருடிய பக்கம் வெறும் படமாக இருந்தவரை நம் இதழ்களுக்கும் அத்தகைய மறைவு இருந்தது. எழுத்துணரி மென்பொருள் படத்தை எழுத்தாக்கும்போது ஆய்வாளரின் தேடல் எளிதாகிறது. திரட்டும் நிரலின் வேலையும் எளிதாகிறது.

ஆவணத்தில் கைவைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. மூலக்கோப்பை மாற்றாமல் சேமித்து, பொதுப் பிரதியில் மட்டும் அந்த வரியை மறைத்தால் வரலாறு குறைவுபடாது. எரிதத்தை வடிகட்டிகள் தடுக்கின்றனவே என்பர். வடிகட்டி தவறவிடும் ஒரேயொரு மோசடி மடலே வங்கிக் கடவுச்சொல்லைப் பறிக்கப் போதும். எழுத்தாளரை ஆய்வாளர் எப்படித் தொடர்புகொள்வார்? காப்பகத்தின் படிவத்தில் எழுதினால், முகவரியைக் காட்டாமலே மடலை உரியவருக்கு அனுப்பிவிடலாம். ‘அட்’ என்று எழுத்தில் எழுதும் பழைய தந்திரத்தை இன்றைய நிரல்கள் புரிந்துகொள்ளும் என்பது உண்மைதான். அதனாற்றான் முகவரி, வாசகரின் திரைக்குப் போகும் கோப்பிலேயே இருக்கக்கூடாது. படத்தில் மட்டுமன்றி அதன் அடியிலுள்ள எழுத்துப் படலத்திலும் அதை நீக்கவேண்டும்.

ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவலைத் தனிநபர் தரவாகக் கொள்கிறது இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சட்டத்துக்கு முன்னரே இது நம்பிக்கை சார்ந்த விடயம். தன்னிடமுள்ள ஒரே பிரதியைக் காப்பகத்துக்குத் தருபவர், அதில் எழுதியவர்களையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். அவர்களுக்குத் தொல்லை வராது என்ற உறுதி இருந்தால்தான், இன்னும் அலுமாரிகளில் கிடக்கும் இதழ்களும் வெளியே வரும்.