கால்வாய்க்காகக் கட்டிய ஏரி



இங்கிலாந்தில், லீக் என்ற ஊருக்கு அருகே ரட்யார்ட் ஏரி என்று ஒன்றுண்டு. பாய்மரப் படகும் துடுப்புப் படகும் ஓடும் அந்த நீண்ட ஏரியைப் பார்ப்பவர்கள், இயற்கையாக அமைந்தது என்றே நினைப்பார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக் கல்லுக்காகக் கட்டப்பட்ட ஏரி!

அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிச் செல்ல 1779இல் கால்டன் கால்வாய் திறக்கப்பட்டது. கால்வாய் மேடேறி மறுபக்கம் இறங்க வேண்டும். படகு மேடேறுவது எப்படி? இரு பக்கமும் கதவுள்ள கல்தொட்டிக்குள் படகை விட்டு, மேலிருந்து தண்ணீரைத் திறந்தால் படகு உயரும். இதை 'லாக்' என்பார்கள். ஒருமுறை திறந்தால் ஏறத்தாழ 25,000 கேலன் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும், திரும்பி வராது. நம் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும். அந்தப் படகுக்காரர்களுக்கோ மழை பொய்த்தால் பிழைப்பில்லை. ஆகவே 1797ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொறியாளர் ஜான் ரென்னியின் திட்டத்தில், பள்ளத்தாக்கை மறித்து அணை எழுப்பினார்கள்.

பிறகு கால்வாய் ஒரு ரயில் கம்பெனியின் கைக்கு வந்தது. 1849இல் ஏரிக்கரையோரமாகவே ரயில் ஓடிற்று. கம்பெனிக்கு ஆசை பிறந்தது: படகுப்போட்டி வைத்தால் கூட்டம் வரும், டிக்கெட் விற்கும். கூட்டமும் வந்தது. ஆனால் பக்கத்து நிலத்துக்காரரான பாஸ்டாக் அம்மையார் வழக்குத் தொடுத்தார். "கால்வாய்க்குத் தண்ணீர் சேர்க்கத்தானே சட்டம் இந்த நிலத்தைக் கொடுத்தது?" என்பது அவர் கேள்வி. 1850களில் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. சட்டம் எதற்காக நிலம் கொடுத்ததோ அதற்கு மட்டுமே கம்பெனி அதைப் பயன்படுத்தலாம் என்ற தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் பிற்காலத்திலும் படித்தார்கள். பெரிய கம்பெனியை ஒரு பெண்மணி நிறுத்திக் காட்டியதை நாம் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் விடுமுறையில் காற்று வாங்க வந்த தொழிலாளிக்கும் அதனால் நட்டந்தான்.

இருந்தாலும் ஏரிக்கரைக்கு வருவோர் ஓயவில்லை. 1863இல் அங்கே சந்தித்த ஓர் இளைஞரும் பெண்ணும் மணம் முடித்துப் பம்பாய்க்குச் சென்றார்கள். 1865இல் பிறந்த மகனுக்கு ஏரியின் பெயரையே வைத்தார்கள். அவர்தாம் 'ஜங்கிள் புக்' எழுதிய ரட்யார்ட் கிப்ளிங்.

காலப்போக்கில் ஏரியில் படகு விடுவதற்கும் வழி பிறந்தது. சுண்ணாம்புப் படகுகள் மறைந்தன. பாழடைந்த கால்வாயைத் தொண்டர்கள் சீர்படுத்த, 1974இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதில் போவதும் உல்லாசப் படகுகளே. அவற்றுக்கும் லாக் திறக்க வேண்டும். ஏரித் தண்ணீர் இன்னமும் அங்கேதான் போகிறது.