கம்பளத்தின் வண்ணமும் கல்பின் நாட்டமும்

இரத்தினக் கம்பளம் என்றதும் பாரசீகம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்நாட்டு நெசவாளர்க்கு வண்ணம் என்பது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. கருத்தைத் தாங்கி நிற்கும் மொழியுமாகும்.

மஞ்சிட்டி வேரிலிருந்து சிவப்பு, அவுரி இலையிலிருந்து நீலம், மாதுளைத் தோலிலிருந்து மஞ்சள், அக்ரூட் காயின் மேல்தோலிலிருந்து பழுப்பு என, இறைவன் படைத்த தாவரங்களிலிருந்தே அவர்கள் சாயம் எடுத்தனர். பச்சைக்கு மட்டும் இரட்டை உழைப்பு தேவை. மஞ்சளில் தோய்த்த நூலை மீண்டும் நீலத்தில் தோய்த்தே அதனைப் பெற்றனர்.

பச்சைக்குத் தனிச் சிறப்பும் உண்டு. சுவனவாசிகள் பச்சைப் பட்டாடை அணிந்திருப்பர் எனத் திருக்குர்ஆன் வருணிக்கின்றது. அவர்கள் சாய்ந்திருக்கும் பசுமையான இருக்கைகளையும் எழில்மிகு விரிப்புகளையும் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. எனவே, அந்நிறத்தைக் காணும் விசுவாசியின் எண்ணம் சுவனத் தோட்டத்தை நாடுவதில் வியப்பென்ன?

மன்னர் தஹ்மாஸ்ப் ஆட்சியில், ஹிஜ்ரி 946இல் (கி.பி. 1539-40) நெய்து முடிக்கப்பட்ட அர்தபீல் கம்பளம் இக்கலையின் சிகரம் எனலாம். இன்று இலண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அது, ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமுடையது. பத்தே வண்ணங்களைக் கொண்டு, ஆழ்ந்த நீலப் பரப்பில் மலர்க்கொடிகளையும், நடுவே தொங்கும் இரு விளக்குகளையும் தீட்டியுள்ளனர். அதன் ஓரத்தில் மக்ஸூத் காஷானி என்னும் பெயர் காணப்படுகின்றது. இத்துணைப் பெரும் படைப்பில் அவர் தம்மைக் கலைஞர் என்று கூறிக்கொள்ளவில்லை. வாசலில் பணிபுரியும் அடிமை என்றே பொறித்துள்ளார். என்னே அப்பணிவு!

ஆயினும், அழகுக்கும் ஓர் எல்லை உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வேலைப்பாடு மிக்க போர்வையொன்றை அணிந்து தொழுதார்கள். தொழுகையினிடையே அதன் கோலங்கள் மீது அவர்களின் பார்வை சென்றது. தொழுகை முடிந்ததும், அதனை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள கோலமற்ற எளிய போர்வையைப் பெற்றுவரப் பணித்தார்கள். பேரீச்ச ஓலைப் பாயிலும் தொழுத பெருமகனார் அல்லரோ அவர்கள்!

அழகை அவர்கள் வெறுத்தார்கள் என்பது இதன் பொருளன்று. இறைவனை நாட வேண்டிய உள்ளத்தை அழகு தன்பால் இழுத்துக்கொள்ளலாகாது என்பதே இதன் படிப்பினை.

இன்று நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் வண்ணத் தொழுகை விரிப்புகள் நிறைந்துள்ளன. அவற்றில் நெற்றியை வைக்குமுன், நம் நாட்டம் விரிப்பிலா, அதனைப் படைக்கும் ஆற்றலை மனிதனுக்கு ஈந்த இறைவனிடமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக!