மலைவழியிற் குழந்தையைச் சுமக்கும் பை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்கத்தார் 2000ஆம் ஆண்டிற் பொன்னிறமான ஒரு டாலர் நாணயத்தை வெளியிட்டனர். அதன் முகத்தில் நாட்டுத் தலைவரும் இல்லை, படைத்தலைவரும் இல்லை. முதுகிற் குழந்தையைக் கட்டிக்கொண்டு தோள்மேல் திரும்பி நோக்கும் ஓர் இளம்பெண்ணின் உருவமே பொறிக்கப்பட்டுள்ளது. ஷோஷோனி என்னும் பழங்குடியிற் பிறந்த அவள் பெயர் சக்ககவியா. லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைமையில் மேற்கடலை நாடிச் சென்ற கூட்டத்தாருடன் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவள் புறப்பட்டபோது, அவள் மகனுக்கு இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை.

அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள், மிசௌரியாற்றின் பேரருவிகளுக்கு அருகே, திடீரெனப் பெய்த பெருமழைக்கு அஞ்சி அவர்கள் ஒரு குறுகிய பள்ளத்திற் பாறையின்கீழ் ஒதுங்கினர். நொடிப்பொழுதிற் காட்டாறு பெருகிற்று. தாய் குழந்தையை வாரி எடுத்தாள். கிளார்க் அவளை மேட்டின்மேல் தள்ளி ஏற்றினார். குழந்தையின் ஆடைகளெல்லாம் வெள்ளத்தோடு போயின. உயிர் தப்பிய பின்னரும் கிளார்க்கின் கவலை தீர்ந்தபாடில்லை. ஆடையிழந்த குழந்தையையும், நோயினின்று அப்போதுதான் தேறி மழையில் நனைந்து நின்ற தாயையும் எண்ணி, உடைகள் இருந்த இடத்திற்கு ஓட்டமாய்த் திரும்பும்படி அவர் கூட்டத்தாருக்குக் கட்டளையிட்டார் என்பது அவருடைய நாட்குறிப்பால் விளங்குகின்றது.

குழந்தையைச் சுமந்து மலையேறுவோர் யாவரும் அறியவேண்டிய பாடம் இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கின்றது. நடப்பவனுக்கு வியர்க்கும், சுமக்கப்படும் குழந்தைக்குக் குளிரும்.

இதனை யான் ஏட்டினால் அறிந்தேனல்லேன், பட்டறிந்தேன். நம் கல்லூரியை விட்டகன்று, கொலராடோ நாட்டில் வாழ்க்கை நடத்தத் தொடங்கியபின், ஒரு செப்டம்பர் மாதத்தில் ராக்கி மலைப் பூங்காவிலுள்ள கரடியேரிக்குச் சென்றோம். அவ்வேரி கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,880 மீட்டர் உயரத்தில் உள்ளது. பத்து மாதக் குழந்தையாகிய என் மகள் முதுகுப்பையில் இருந்தாள். மனையாள் சிறிது முன்னே சென்றுகொண்டிருந்தாள். ஏற்றத்தில் எனக்கு வியர்த்தமையால் மேற்சட்டையைக் கழற்றினேன். குழந்தை ஓசையின்றி இருந்தமையால் இனிது உறங்குகின்றாள் என மகிழ்ந்தேன். பின்னே வந்த முதிய மாது ஒருவர், “ஐயா, குழந்தையின் காலுறை ஒன்று வழியில் விழுந்துவிட்டது, தலையும் ஒரு புறம் தொங்குகின்றது” என்றார். இறக்கிப் பார்த்தேன். அச்சிறு பாதம் பனிக்கட்டியைத் தொட்டாற்போல இருந்தது. நல்வினையால் தீங்கொன்றும் நேரவில்லை. எனினும் அன்றுமுதல், இப்பையை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கினேன். கற்றவற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமத்தல் மக்கட்கூட்டம் அனைத்திற்கும் பொதுவான பழைய வழக்கம். வடதுருவத்தை அடுத்து வாழும் இன்யூயிட் மாதர் அமௌட்டி என்னும் அங்கியின் முதுகுப்புறத்துப் பையிற் குழந்தையை வைத்துக்கொள்வர். தாயின் உடற்சூடே சேய்க்குப் போர்வையாகும். 1960க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலுள்ள டோகோ நாட்டிற் பீஸ் கோர் என்னும் தொண்டர்படையின் தாதியாக விளங்கிய ஆன் மூர் என்னும் அமெரிக்க மாது, அங்குள்ள தாய்மார் குழந்தைகளைத் துணியால் முதுகிற் கட்டிக்கொள்ளுதலைக் கண்டு வியந்தார். நாடு திரும்பித் தாமும் தாயானபின், தம் அன்னையாரின் தையலுதவியால் ஸ்னக்லி என்னும் துணிப்பையை ஆக்கி, 1969ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார்.

மலைநடைக்குரிய பையோ இவற்றினின்றும் வேறுபட்டது. அலுமினியச் சட்டகத்தின்மேல் இருக்கை அமைத்து, இடுப்பிலும் தோளிலும் வார்களாற் பிணிப்பது அது. இதனாற் சுமை இடுப்பில் இறங்குகின்றது. முதுகிற் காற்றும் புகுகின்றது. ஆயினும் தாய்தந்தையரின் உடற்சூடு குழந்தைக்குக் கிட்டாமற்போகின்றது. அன்றியும், முதுகிலுள்ள குழந்தைக்குப் பேசத் தெரியாது. சுமப்போருக்கு அதனைக் காணவும் இயலாது. ஆதலால், குழந்தை சொல்லமாட்டாததும் நாம் காணமாட்டாததும் ஆகிய ஒவ்வொன்றிற்கும் பையின் உறுப்புக்கள் விடையளிக்கின்றனவா என்று நோக்கியே அதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

முதலாவது, பருவம். தலை உறுதியாய் நின்று, பிறர் துணையின்றி நிமிர்ந்து உட்காரும் ஆற்றல் வந்தபின்னரே சட்டகப்பையிற் குழந்தையை வைக்கலாம். பெரும்பாலும் ஆறு மாத அளவில் இவ்வாற்றல் வரும். குழந்தையின் நிறை 7 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்பது பை செய்வோர் பலரும் கூறும் வரையறை. ஐயமுண்டாயின் மருத்துவரைக் கேட்டல் நன்று. அதற்கு முன்னர் மார்போடணைக்கும் துணிப்பையே ஏற்றது. அதிலும் மோவாய் மார்பிற் படியாமல் இருத்தல் வேண்டும். படிந்தால் மூச்சுக்குழல் மடங்கும். குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணுக்குப் புலப்படவேண்டும்.

இரண்டாவது, இருக்கை. இடுக்கமான துணியிற் கால்கள் நேரே தொங்குமாறு உட்காருதல் இடுப்பு மூட்டுக்கு நன்றன்று. தொடைகள் முழங்கால்வரை தாங்கப்பெற்று, முழங்கால் இடுப்பினும் சற்றே உயர்ந்திருத்தல் வேண்டும். குதிரைச் சேணத்திலுள்ள அங்கவடி போன்ற கால்தாங்கிகள் இருப்பின், காலிற் குருதியோட்டம் தடைப்படாது. தோளையும் இடுப்பையும் பிணிக்கும் உள்வார்கள் குழந்தை வளருந்தோறும் உயர்த்தத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். கால்கள் புகும் துளைகளைக் கூர்ந்து நோக்குக. அவை அகன்றிருப்பின் சிறு குழந்தை அவற்றின்வழியே நழுவி விழும். இவ்வகைப் பைகளுக்கென அமெரிக்க அரசாங்கத்தார் 2015ஆம் ஆண்டிற் காப்புவிதிகள் வகுத்தனர். 2016ஆம் ஆண்டில் ஒரு கம்பெனியார், தாம் முன்னர் விற்ற பைகளில் இக்குறை இருப்பதறிந்து, இருக்கையைச் சுருக்கும் உறுப்பைப் பல்லாயிரவர்க்கு விலையின்றி வழங்க நேர்ந்தது. ஆகவே பழைய பையைப் பிறரிடமிருந்து வாங்குவோர், அதன்மேல் இத்தகைய அறிவிப்பு ஏதேனும் உண்டா என ஆராய்தல் இன்றியமையாதது. வாரின் தையலையும் கொக்கிகளையும் இழுத்துப் பார்த்தலும் வேண்டும்.

மூன்றாவது, சுமப்போரின் உடல். இங்கே பலர் பிழைபடுகின்றனர். ஆளின் உயரத்தைக்கொண்டு பையை அளத்தல் கூடாது. முதுகின் நீளத்தைக்கொண்டே அளத்தல் வேண்டும். தலையைக் குனிந்தாற் கழுத்தின் அடியிற் புடைத்துத் தோன்றும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம்வரை உள்ள தூரமே அவ்வளவு. இடுப்புவார் அவ்விளிம்பின்மேல் அமரவேண்டும், வயிற்றிலன்று. அவ்வாறு அமர்ந்தாற் சுமையின் பெரும்பகுதியை இடுப்பும் கால்களும் தாங்கும். தோள்வார் பை பின்னே சாயாமற் பிடிப்பதற்கு மாத்திரமே. தந்தையும் தாயும் மாறி மாறிச் சுமப்பதாயின், முதுகளவை மாற்றத்தக்க பையே வேண்டும்.

நான்காவது, நிறை. சிறந்த பைகள் பலவற்றிற்கு உச்ச அளவு ஏறக்குறைய 22 கிலோகிராம். இதில் குழந்தை மட்டுமன்றிப் பொருள்களும், சில பைகளிற் பையின் நிறையுமே அடங்கும் என்பதைப் பலர் கருதுவதில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வயதுக் குழந்தை 10, பை மூன்றரை, இரண்டு லிட்டர் நீர் 2, உணவும் உடையும் மாற்றுத்துணிகளும் 2, ஆகப் பதினேழரை கிலோகிராம். இரண்டு வயதில் இதுவே இருபதை எட்டும். ஆகவே ஒருவர் குழந்தையையும் மற்றவர் பொருள்களையும் சுமத்தலே அறிவுடைமை. தனியே செல்வோர் வழியைச் சுருக்கிக்கொள்வாராக.

ஐந்தாவது, வெயிலும் குளிரும். குழந்தையின் தலைக்குமேல் நிழற்கூடாரமும், மழையுறையும் உள்ள பையே மலைக்கு உகந்தது. கொலராடோ மலைகளிற் கோடைக்காலத்துப் பிற்பகலில் இடிமழை வருதல் இயல்பு. குழந்தை நடவாமையால் அதன் உடலிற் சூடு மிகுதியாய்ப் பிறவாது. ஆதலால் நாம் அணிவதினும் ஓர் உடை மிகுதியாகக் குழந்தைக்கு அணிவித்தல் வேண்டும். காலுறையும் காலணியும் கழலாவண்ணம் கட்டுக. தோள்வாரில் ஒரு சிறு கண்ணாடியைக் கட்டிக்கொண்டால் முகத்தை அடிக்கடி காணலாம். எனினும் கண்ணாடி கையின் வேலையைச் செய்யாது. மணிக்கொரு முறையேனும் இறக்கி, கைகால்களையும் பிடரியையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். உறங்குங் குழந்தையின் தலை சாயாமல் தாங்கும் திண்டு பையில் உண்டா எனவும் நோக்குக.

இறுதியாக, பையின் அடியில் விரியும் நிறுத்துகாலைப் பற்றி ஒரு சொல். குழந்தையை ஏற்றவும் இறக்கவும் சமதரையிற் பையை நிறுத்துதற்கே அஃது அமைந்தது, நாற்காலியாகப் பயன்படுத்துதற்கன்று. மேசைமேலோ சரிவிலோ நிறுத்துதலும், குழந்தையை அதில் விட்டு அகலுதலும் பெருந்தவறு. சுமந்து நடக்கும்போது குழந்தையின் தலை நம் தலைக்கு மேலேயும் உயரும். ஆதலாற் கிளைகளின்கீழ் நாம் குனியவேண்டியதினும் மிகுதியாகக் குனிதல் வேண்டும்.

விலை மிகுதியும் பயன்படுங்காலம் குறைவும் உடைய பொருள் இது; இரண்டு மூன்று ஆண்டுகளிற் குழந்தை தானே நடக்கத் தொடங்கிவிடும். ஆகவே வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களில் ஒரு நாள் எடுத்து ஆராய்தல் நலம். கடையிலும், குழந்தையை உள்ளே அமர்த்தி, அரைமணி நேரமேனும் நடந்து பார்த்தபின்னரே விலை பேசுக.

என் மகள் இப்போது எனக்கு முன்னே மலையேறுகின்றாள். அந்தப் பையை நண்பர் ஒருவர்க்கு அளித்துவிட்டேன். அளிக்கும்போது அதன் தோள்வாரில் கண்ணாடியைக் கட்டிக் கொடுத்ததோடு, “கண்ணாடியை நம்பற்க; காலைத் தொட்டுப் பாருங்கள்” என்றும் சொல்லியனுப்பினேன்.