பாடப்புத்தகத்துக்குள் ஒளிந்திருந்த பியானோ

மறதியிலிருந்து மீண்ட இசை – 9

சென்ற வாரம் அல்கானின் கதையில் மார்மோன்தெல் என்றொருவர் வந்தார், நினைவிருக்கும். 1848இல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் அல்கான் எதிர்பார்த்திருந்த பேராசிரியர் பதவி அவருக்குத்தான் போனது. அதே மார்மோன்தெல் முப்பது ஆண்டுகள் கழித்து, 1878இல், புகழ்பெற்ற பியானோ கலைஞர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஷோபான் இருக்கிறார், அல்கான் இருக்கிறார். இன்றைய வாசகர் நின்று ‘இது யார்?’ என்று கேட்கும்படி ஓர் அத்தியாயமும் இருக்கிறது: எலேன் தெ மோன்ஜெரூ. அந்தப் பெண்மணி இறந்து அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அவர் பெயரை எடுத்தவர்கள் மிகச் சிலர்.

2022இல் ஸ்வீடனின் பிஸ் நிறுவனம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த க்ளேர் ஹேமண்ட் வாசித்திருக்கிறார். உள்ளே மோன்ஜெரூவின் 29 எத்யூடுகள். ஒரு குறிப்பிட்ட வாசிப்புச் சிக்கலை எடுத்துக்கொண்டு, அதை இசையாகவே எழுதிக் காட்டும் சிறிய உருப்படிக்கு எத்யூட் என்று பெயர். பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் இந்தத் தட்டைக் கேட்ட பிறகு, பியானோ இசை எப்படி வளர்ந்தது என்று நான் படித்து வைத்திருந்த வரிசை குலைந்துபோனது.

ஒன்றில் வலது கையின் மேல்விரல்கள் நீண்ட மெட்டு ஒன்றைப் பாடுகின்றன. அதே கையின் மற்ற விரல்கள் நடுவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்டவுடன் மெண்டல்சனின் பெயர் வாய்க்கு வருகிறது. இன்னொன்று இரண்டே குரல்களில், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகிறது. பாக்கின் கைவண்ணம் அதில் தெரிகிறது. 107ஆம் எத்யூடில் இடது கை ஒரு கணமும் நிற்காமல் உருண்டோட, மேலே வலது கை உரத்த குரலில் பேசுகிறது. ஷோபானின் ‘புரட்சி’ எத்யூடைத் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

காலக் கணக்கைப் பாருங்கள். மோன்ஜெரூ இந்த எத்யூடுகளை 1788க்கும் 1812க்கும் இடையில் எழுதினார். மெண்டல்சன் பிறந்தது 1809இல். ஷோபானும் ஷூமனும் 1810இல். மறந்துபோயிருந்த பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற பெரும்படைப்பை மெண்டல்சன் பெர்லினில் மறுபடி அரங்கேற்றியது 1829இல். இங்கே பாரிஸில் ஒரு பெண், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாக்கை உள்வாங்கி எழுதியிருக்கிறார். அவரிடம் படித்த புவெலிதான் பின்னாளில் பாரிஸ் தேவாலயத்து ஆர்கனில் பாக்கை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தவர்.

மோன்ஜெரூவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1764 மார்ச் 2ஆம் தேதி லியோன் நகரில் பிறந்தார். பாரிஸில் ஹ்யூல்மாண்டலிடம் படித்தார். இருபது வயதில் மோன்ஜெரூ பிரபுவுடன் திருமணம். பிரபு குலத்துப் பெண் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசிக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். ஆகவே அவர் வாசித்ததெல்லாம் வரவேற்பறைகளில். வயலின் மேதை வியோட்டி அங்கே வருவார். இருவரும் சேர்ந்து எழுதாத இசையை மணிக்கணக்கில் கற்பனையாக வாசிப்பார்கள். ஓவியர் விஜே லெ பிரன் தன் நினைவுக் குறிப்புகளில் அவருடைய வாசிப்பை வியந்து எழுதியிருக்கிறார்.

பிறகு புரட்சி. 1793இல் பிரெஞ்சுக் குடியரசின் தூதுக்குழு ஒன்று நேப்பிள்ஸ் நோக்கிப் புறப்பட்டது. மோன்ஜெரூ தம்பதியும் அதில் இருந்தார்கள். வழியில் ஆஸ்திரியப் படை அவர்களைப் பிடித்தது. கணவர் மாண்டுவா சிறையில் இறந்தார். எலேன் பாரிஸ் திரும்பினார், அதுவும் பிரபு குலத்தவர் தலைகள் உருண்டுகொண்டிருந்த நாட்களில். புரட்சி நீதிமன்றத்தில் அவரை நிறுத்தியபோது பியானோவில் ‘மார்செய்யேஸ்’ பாட்டை விதவிதமாக வளர்த்து வாசித்து உயிர் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. பல பத்தாண்டுகள் கழித்து எழுத்தில் வந்த கதை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 114 எத்யூடுகள் எழுதிய ஒருவரை ஒரு நாள் சாகசத்தை வைத்து அறிமுகப்படுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சாகசத்தைவிடப் பெரிய செய்தி 1795இல் நடந்தது. அந்த ஆண்டு தொடங்கப்பட்ட பாரிஸ் கன்சர்வேட்டரி, மோன்ஜெரூவை முதல் நிலைப் பேராசிரியராக நியமித்தது. மாணவிகளுக்கு அல்ல, மாணவர்களுக்குப் பியானோ கற்பிக்க. சம்பளம் ஆண்டுக்கு 2,500 லீவர். அதே நிலையில் இருந்த ஆண்களுக்குக் கொடுத்ததும் அதுதான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1842இல் அதே கன்சர்வேட்டரியில் லூயிஸ் ஃபரென்க் பேராசிரியர் ஆனார். அவருக்குப் பெண்கள் வகுப்பு மட்டும்தான் தரப்பட்டது. சம்பளமும் ஆண்களைவிடக் குறைவு. சம ஊதியம் கேட்டுப் பெற அவருக்கு 1850 வரை ஆனது. ஐம்பது ஆண்டுகளில் உலகம் பின்னால் நடந்திருக்கிறது.

மோன்ஜெரூ 1798இல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். எழுதத் தொடங்கியிருந்த புத்தகத்தை விடவில்லை. அது வளர்ந்து வளர்ந்து மூன்று தொகுதிகளாக, 711 பக்கங்களாக நின்றது. ‘ஃபோர்ட்டெபியானோ பயிற்றுவிப்புக்கான முழுப் பாடம்’ என்பது தலைப்பு. உள்ளே 972 பயிற்சிகள், 114 எத்யூடுகள். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் போல அந்தப் பயிற்சிகள் விரலுக்கு. எத்யூடுகளோ வர்ணம் மாதிரி: பயிற்சிக்கும் ஆகும், கச்சேரிக்கும் ஆகும்.

புத்தகம் முழுக்க ஒரே ஒரு பிடிவாதம் ஓடுகிறது. பியானோ பாட வேண்டும். பியானோவில் சாவியை அழுத்தினால் சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. தட்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்குகிறது. குரலைப் போல ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தவோ, பிடித்தபடியே பெருக்கவோ அதனால் முடியாது. அன்றைய ஃபோர்ட்டெபியானோவில் இந்தக் குறை இன்னும் அதிகம். மரச்சட்டம், மெல்லிய தந்தி, தோல் போர்த்திய சிறு சுத்தியல். இந்தக் கருவியைப் பாட வைக்க முடியுமா என்ற கேள்வியை மோன்ஜெரூ மாணவரிடம் நேராக வைக்கிறார். பெரிய பாடகர்களைக் கேள் என்கிறார். எந்தச் சுரத்தை எவ்வளவு அழுத்துவது, அடியில் ஓடும் துணைச் சுரங்களை எவ்வளவு தணிப்பது, ஒரு சுரம் சாவதற்குள் அடுத்ததை அதன் நிழலில் எப்படி வைப்பது என்று ஒவ்வொரு எத்யூடுக்கும் முன்னால் குறிப்பு எழுதுகிறார். காது ஏமாற வேண்டும், குரல் தொடர்கிறது என்று அது நம்ப வேண்டும். அதற்கான தந்திரங்களைத்தான் பக்கம் பக்கமாகக் கற்றுக்கொடுக்கிறார்.

அவர் ஏன் மறக்கப்பட்டார் என்று கேட்டால், பெண் என்பதால் என்று உடனே பதில் வரும். பொய்யில்லை. ஆனால் அதற்குள் இன்னொரு காரணம் இருக்கிறது. அவர் தன் மிகச் சிறந்த இசையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தார். கச்சேரி மேடை அவருக்கு மூடியிருந்தது. ஆசிரியர் நாற்காலி கிடைத்தது. பொதுவெளியில் கௌரவத்தோடு எழுதக் கிடைத்த ஒரே இடம் பாடநூல். அதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாடநூலுக்கு ஒரு தலைவிதி உண்டு. புதியது வந்ததும் பழையது அலமாரிக்குப் போய்விடும். கன்சர்வேட்டரியே 1804இல் லூயி ஆடம் எழுதிய பியானோ நூலை அதிகாரபூர்வப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தது. மோன்ஜெரூவின் மூன்று கனத்த தொகுதிகள் நூலகத்தில் கற்பித்தல் பிரிவில் உட்கார்ந்தன. நல்ல இசை தேடும் பியானோ கலைஞர் அந்த அலமாரிப் பக்கம் ஏன் போகிறார்?

அவர் உடல்நலம் கெட்டு 1834இல் இத்தாலிக்குப் போனார். 1836 மே 20ஆம் தேதி ஃபுளோரன்ஸில் காலமானார். சாந்தா குரோச்சே தேவாலயத்தின் முற்றத்து மாடத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

பிரெஞ்சு இசை ஆய்வாளர் ஜெரோம் டோரிவால் 2006இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது. நிக்கோலா ஸ்தாவி, எட்னா ஸ்டெர்ன் ஆகியோரின் பதிவுகள் வந்தன. ஸ்டெர்ன் 2017இல் வெளியிட்ட பதிவில் 1860ஆம் ஆண்டின் பிளேயல் பியானோவை வாசித்தார். அதன் நடுக்கட்டைச் சுரங்களில் மனிதக் குரலின் கரகரப்பு ஒன்று இருக்கிறது. இந்த இசைக்கு அது பொருந்துகிறது.

ஹேமண்ட் எடுத்துக்கொண்டதோ இன்றைய கச்சேரிப் பியானோ. அதில் ஓர் ஆபத்து உண்டு. இன்றைய பியானோவின் மந்தரம் கனமானது. கொஞ்சம் அசந்தால் மெட்டை விழுங்கிவிடும். ஹேமண்ட் இடது கையை எடையில்லாமல் வைத்திருக்கிறார். துணைச் சுரங்கள் இருக்கின்றன என்று தெரிகிறது, எண்ண முடிவதில்லை. மேலே மெட்டு தன்போக்கில் மூச்சு விட்டு மூச்சு வாங்கிப் போகிறது. வேகமான எத்யூடுகளில்கூட விரல் சாமர்த்தியத்தைக் காட்ட அவர் நிற்கவில்லை. ‘பயிற்சி’ என்ற முத்திரையை முழுசாக அழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் கச்சேரிக்கு எழுதிய உருப்படியாகவே வாசித்திருக்கிறார். பாடப்புத்தகத்திலிருந்து இந்த இசையை வெளியே எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம். விமர்சனங்கள் எல்லாம் ‘ஷோபானுக்கு முன்பே ஷோபான்’ என்றே பேசுகின்றன. நானும் மேலே அவர் பெயரைச் சொல்லித்தான் உங்களை உள்ளே அழைத்து வந்தேன். தெரியாத ஒருவரைத் தெரிந்தவரை வைத்துத்தான் காட்ட முடிகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் மோன்ஜெரூ யாரோ ஒருவருக்கு முன்னோட்டம் ஆகிவிடுகிறார். ஷோபானின் எத்யூடுகள் மேடையை நோக்கி எழுந்தவை. இவருடையவை அறைக்குள் அமர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போலப் பேசுகின்றன. ஷோபான் வளர்த்துக்கொண்டே போகும் இடத்தில் இவர் நிறுத்திவிடுகிறார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, ஒரு சொல்கூட மிச்சம் வைக்காமல் எழுந்துவிடுகிற துணிவு அவருடையது மட்டுமே.

எத்யூடுகளோடு அவர் முடிந்துவிடவில்லை. ஒன்பது சொனாட்டாக்கள் இருக்கின்றன. நிக்கோலா ஹோர்வாத் அவை அனைத்தையும் பதிவுசெய்து 2021இல் வெளியிட்டார். ஓபஸ் 5இன் மூன்றாவது சொனாட்டா, எஃப் ஷார்ப் மைனரில் அமைந்தது, அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் முதல் பகுதியில் ஒரு தவிப்பு கடைசிவரை தணியாமலே ஓடுகிறது. ஆனால் தொடங்குகிறவர்கள் ஹேமண்டின் 29இலிருந்து தொடங்குங்கள். ஒரே அமர்வில் வேண்டாம். நாலைந்து கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மோன்ஜெரூவின் மாணவர்களும் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் படித்திருப்பார்கள். கேட்கும்போது மேல் மெட்டை விட்டுவிட்டு, ஒரு தடவை அடியில் ஓடுவதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்த வாரம் மெண்டல்சனின் அக்கா ஃபேனி ஹென்சல். 1841இல் மாதத்துக்கு ஓர் உருப்படியாக அவர் எழுதிய ‘ஆண்டு’ என்ற பியானோ தொகுப்பு, 1980களின் இறுதிவரை அச்சேறாமலே இருந்த கதை.

(தொடரும்)