எட்டும் கண்ணும் ஏற்கும் கண்ணும்

இரண்டு கருவிகளை ஒப்பிட முற்படுவோர் பெரும்பாலும் 'எது சிறந்தது?' என்னும் வினாவோடு தொடங்குவர். அவ்வினா அரைவினாவேயாகும். 'எதற்குச் சிறந்தது?' என்று கேட்டாலன்றி அது நிறைவு பெறாது. வாவியில் ஓடும் தோணியையும் ஆழ்கடல் செல்லும் வள்ளத்தையும் அருகருகே நிறுத்தி, இதுவே மேலானது என்று வாகரை மீனவர் எவரும் தீர்ப்புக் கூறார். செல்லும் நீர் எது என்று கேட்ட பின்னரே அவர் கலத்தைத் தெரிவர். ஒளிப்படக் கருவிகளுக்கும் இந்நெறி பொருந்தும் என்பதை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் எங்கள் மாணவர் மன்றத்தில் ஒரு வாதம் எழுந்தது. மன்றத்திடம் பழைய கமரா ஒன்று உண்டு. நிக்கொன் டி 90 என்னும் அது, 2008ஆம் ஆண்டு வெளிவந்த வகை, கைமாறி வந்தது. அதனை விற்று, 2018இல் வெளிவந்த கனொன் பவர்ஷொட் எஸ்.எக்ஸ். 740 எச்.எஸ். என்னும் கையடக்கக் கமராவை வாங்கிவிடலாம் என்று மாணவர் ஒரு சாரார் கூறினர். பறவைகளையும் பழஞ்சுவடிகளையும் முதியோரையும் படமெடுத்து வைப்பது மன்றத்தின் பணி. என் கருத்தைக் கேட்டனர். புதியதை ஒருவரிடம் இரவலாகப் பெற்று, இரண்டையும் சில கிழமைகள் வாகரையிற் பயன்படுத்திப் பார்த்தேன்.

தமிழ்ப் பண்டிதனுக்கு வில்லைகளோடு என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். மட்டக்களப்பு நாட்டில் அவ்வினா எழுவதற்கு இடமில்லை. 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர்; அறிவியற் பட்டதாரியுமாவார். நரம்பின் நீளத்தையும் சுரங்களின் விகிதத்தையும் கணித்தே அவர் 1947இல் 'யாழ் நூ'லை வெளியிட்டார். தமிழைக் கற்றவன் அளவுகோலைத் தொடக் கூசுதல் கூடாது என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

முதலில் இரண்டின் அமைப்பையும் நோக்குவோம். டி 90, ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா என்னும் இனத்தது, டி.எஸ்.எல்.ஆர். என்று வழங்குவதும் இதனையே. வில்லையூடாக வரும் ஒளி 45 பாகை சாய்ந்த ஆடியிற் பட்டு மேலெழுந்து, ஐங்கோண அரியத்தில் திரும்பி, நம் கண்ணை அடைகின்றது. விசையை அழுத்தியதும் ஆடி மேலே மடிகின்றது. அவ்வொளி உணரியில் விழுகின்றது. அவ்வுணரியின் அளவு 23.6க்கு 15.8 மில்லிமீற்றர், பிக்சல்கள் 123 இலட்சம். மின்கலமும் வில்லையும் இன்றியே இதன் நிறை 620 கிராம். இதனோடு வழக்கமாக வரும் 18 முதல் 105 மில்லிமீற்றர் வரையிலான வில்லையையும் பூட்டினால், நிறை ஒரு கிலோவைத் தாண்டும்.

எஸ்.எக்ஸ். 740இல் ஆடியுமில்லை, அரியமுமில்லை. பின்புறத் திரையே அதன் கண். மின்கலத்தோடும் நினைவட்டையோடும் 299 கிராம். சட்டைப்பைக்குள் அடங்கும். அணைத்தால் வில்லைக்குழல் ஆமைத்தலைபோல் உள்ளே ஒடுங்கும், இயக்கினால் நீளும். குவியத்தூரம் 4.3 மில்லிமீற்றரிலிருந்து 172 வரை, அதாவது 40 மடங்கு விரியும். பழைய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருட் கணக்கிற் கூறினால் இது 24 முதல் 960 வரையாகும். பிக்சல்கள் 203 இலட்சம். உணரியோ ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. பரப்பளவிற் பழையதன் உணரி இதனைப்போல் 13 மடங்குக்கு மேற் பெரியது. இவ்வொரு விகிதத்தை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்வருவன யாவும் இதிலிருந்தே விளைவன.

பனிச்சங்கேணிப் பாலத்தருகே வாவிக்கரையில் நின்று இரண்டையும் சோதித்தபோது, முதல் வெற்றி புதியதற்கே உரியதாயிற்று. நூறு மீற்றருக்கு அப்பால் மீன்கொத்தி ஒன்று ஒரே இடத்திற் சிறகடித்து நின்று நீரை நோக்கிக்கொண்டிருந்தது. பழைய கமரா தன் 105 மில்லிமீற்றர் எல்லையில் அவ்விடத்து 22 மீற்றர் அகலத்தைப் படத்துள் அடக்கிற்று. பறவை ஒரு கரும்புள்ளியாய் நின்றது. புதியதோ ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அகலத்தை மட்டும் எடுத்தது. அலகும் கண்ணும் புலப்பட்டன. பழையதற்கும் 300 மில்லிமீற்றர் வில்லை உண்டு. ஆயின் அவ்வில்லை மட்டுமே முக்காற் கிலோ. தனி விலை கொடுத்து வாங்கவேண்டியது. பள்ளி மாணவன் தோளிற் சுமந்து கண்டற் காட்டோரம் நாள் முழுதும் நடக்கத்தக்கது இதுவன்று. கூடு கட்டும் பறவையைக் கலைக்காது எட்ட நின்று எடுப்பதற்கும் புதியதே தக்கது. வெயில் நிறைந்த காலை வேளையில், தொலைவிலுள்ள பொருளுக்கு அது நல்ல துணை என்பதை ஐயமின்றி ஒப்புகின்றேன்.

எனினும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களை அப்படியே நம்புதல் தகாது. ஒளி சிறிய துவாரத்தினூடு செல்லும்போது சற்றே விரிந்து பரவும். இதனைப் பௌதிக நூலார் கோணல் என்பர். இதனால் ஓர் ஒளிப்புள்ளி உணரியிற் புள்ளியாய் விழாது, சிறு வட்டமாய் விழும். எஸ்.எக்ஸ். 740 தன் கடைக்கோடி நீட்சியில் எஃப் 6.9 என்னும் துவார எண்ணையே தரவல்லது. அப்போது அவ்வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அதன் பிக்சல் ஒன்றின் அகலமோ ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிதே கூடியது. ஒரு புள்ளிக்குரிய ஒளி எட்டுப் பிக்சல் அகலத்திற்குப் படர்ந்துவிடுமாயின், 203 இலட்சம் என்னும் எண் அங்கே முழுப்பயன் தராது. பழையதன் பிக்சலோ ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு அகலமுடையது, எஃப் 5.6இல் அதன் ஒளிவட்டம் ஒன்றரைப் பிக்சல் அளவினதே. குடங்கள் பலவாயிருப்பது ஒன்று. ஒவ்வொரு குடமும் நிரம்புவது மற்றொன்று.

மாலையில் வேறுபாடு மேலும் தெளிவாயிற்று. வாகரையிற் கதிரவன் கடலில் எழுந்து வாவிப்பக்கம் மறைவான். ஒளி குன்றிய அவ்வேளையிற் புதியதன் படங்களில் இறகுகள் மெழுகு பூசினாற்போல் மழுங்கின. காரணம் யாது? சிறிய உணரி போதிய ஒளி பெறாதபோது படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சற் புள்ளிகள் தோன்றும். கருவி அவற்றைத் துடைக்க முயன்று, புள்ளியோடு நுண்கோடுகளையும் துடைத்துவிடுகின்றது.

பறவையின் இறகு மழுங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏட்டெழுத்து மழுங்கினால் என்னாகும்? இங்கேதான் எனக்குரிய கவலை தொடங்குகின்றது.

ஓலைச்சுவடி எழுத்து மையால் எழுதப்பட்டதன்று, எழுத்தாணியாற் கீறப்பட்டது. பழைய ஏடுகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒரே வடிவின. எகர ஏகார வேறுபாடு காட்டப்படாது. இத்தகைய ஏட்டில் ஒரு சிறு கீற்றுக் குறைந்தாலும் சொல் மாறும்; சொல் மாறினாற் பொருள் மாறும். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் பட்ட பாடு யாது? ஏடெழுதியோர் சிலர் தமக்கு விளங்காத இடங்களைத் தம் மனம்போல நிரப்பிச் சென்றனர். அவர்கள் திருத்தியதை எவர்க்கும் சொல்லாமலே திருத்தினர். பாடபேதம் பல பிறந்தது அவ்வாறே.

இரைச்சலைத் துடைத்து, கோட்டைக் கூராக்கி, நிறத்தைப் பொலிவாக்கி, சுருக்கிய கோப்பாகத் தரும் கமராவும் அத்தகைய ஏடெழுதுவோனே. எஸ்.எக்ஸ். 740 இவ்வாறு திருத்திய படத்தை மட்டுமே தரும். டி 90, உணரி பெற்றதை அவ்வாறே வைக்கும் மூலக்கோப்பையும் தரும். பின்னொரு காலத்தில் அறிஞரொருவர் ஓர் எழுத்தை ஐயுற்றால், மூலத்திற்குச் சென்று ஒளியையும் நிழலையும் மீளச் சரிசெய்து நோக்கலாம். கையடக்கக் கமராக்கள் அனைத்துக்கும் இக்குறை உண்டென்பதன்று. சொனி, பனசொனிக் நிறுவனங்களின் சில வகைகள் மூலக்கோப்பும் தருகின்றன. வாங்குவோர் நீட்சி எத்தனை மடங்கு என்று கேட்குமுன் இதனைக் கேட்டறிதல் நன்று.

சுவடிக்கு வேண்டியது தொலைவுமன்று. 40 சென்ரிமீற்றர் நீளமான ஏட்டைப் பழையதன் படத்துள் முழுதும் அடக்கினால், ஒரு மில்லிமீற்றருக்குப் பத்துப் பிக்சல்கள் கிடைக்கும். எழுத்தைப் படிக்க அது போதும். முக்காலியில் நிறுத்தி, ஒளியை ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வீழ்த்தினாற் கீறல்கள் நிழலோடு எழுந்து தோன்றும். முக்காலியும் நல்ல பகலொளியும் இருப்பின் புதியதும் இப்பணியை ஓரளவு செய்யும் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் வீட்டின் உள்ளறையிலிருந்து வெளியே எடுக்க இசையாத ஏடுகள் பல. விளக்கொளியிலேயே பார்க்கவேண்டியிருக்கும்.

விளக்கொளிக்கு வந்தால் கணக்கு இது. பழையதற்கு எஃப் 1.8 துவாரமுடைய 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்று பூட்டலாம். அதன் நிறை 155 கிராமே. புதியதன் மிகப் பெரிய துவாரம் எஃப் 3.3. துவார வேறுபாட்டால் மூன்று மடங்குக்கு மேலும், உணரிப் பரப்பால் 13 மடங்குக்கு மேலும் பெருக்கினால், ஒரே நேர அளவில் பழையது ஏற்கும் ஒளி 40 மடங்கைத் தாண்டும். பத்தாண்டு முந்திப் பிறந்த கருவி இருளில் முந்துவது இதனாலேயே.

வாகரைப் பகுதியிற் கரையோர வேடர் மக்கள் வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிற் கீழ்க்கரை வேடருக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அம்மக்களின் முதியோள் ஒருத்தியைப் படமெடுக்க இசைவு பெற்றுச் சென்றிருந்தோம். புதிய கமராவோடு முற்றத்து மரத்தடியிலேயே நின்றுகொண்ட என்னை நோக்கி அவர், "தூரத்த நிண்டு என்னத்தப் பாக்கிறீங்க வாத்தியார்? கிட்ட வந்து இருங்க," என்றார். குடிலின் உள்ளே, கைவிளக்கின் அருகே, பழைய கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையோடு எடுத்த முகமே அன்றைய படங்களிற் சிறந்தது. ஒளி மட்டும் காரணமன்று. அவ்வில்லைக்கு நீட்சியில்லை, கிட்டப் போயே தீரவேண்டும். போனால் இருக்கவேண்டும், இருந்தாற் பேசவேண்டும். பறவைக்கு எட்ட நிற்றல் மரியாதை. மனிதர்க்குக் கிட்டச் சென்று கேட்டல் மரியாதை. தொலைவிலிருந்து ஒருவரை அவர் அறியாமலே முகம் நிறையப் பிடிக்கும் ஆற்றல் மாணவர் கையில் வரும்போது, இவ்வொழுக்கத்தையும் உடன் கற்பித்தல் ஆசிரியர் கடன்.

பழையதன் குறைகளும் பல. அது பருமன். வில்லையைக் கழற்றும்போது கச்சான் காற்றில் மணல் உட்புகுந்து உணரியிற் படியும். மாரிக் காலத்தில் வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தல் வேண்டும். நிக்கொன் நிறுவனம் 2020க்குப் பின் இவ்வினத்திற் புதியது வெளியிடவில்லை. உதிரிப்பாகம் நாளடைவில் அரிதாகும். இக்காரணத்தாலேயே இன்று பழையதை விற்றாற் கிடைப்பது சிறு தொகை; இழப்பதோ பெரிது.

என் துணிபு இது. பறவைகளுக்காகப் புதியதை வாங்க விரும்பினால் பணம் சேர்த்து வாங்குக. அதற்காகப் பழையதை விற்றல் வேண்டா. விற்ற பணத்திற்கு ஈடான தொகையில் எஃப் 1.8 வில்லையும் முக்காலியும் தேடுதலே முதற் பணியாகுக.

ஏன் இத்துணை வற்புறுத்துகின்றேன்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய சுவடிகளும் அழிந்தன. வாகரையை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிற்று. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் போரினால் மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். வீட்டு முகட்டிற் கட்டியிருந்த ஏடுகளை ஓடும்போது யார் எடுத்திருப்பர்? எஞ்சியவை சிலவே, அவையும் இருண்ட அறைகளிலும் முதியோர் நினைவிலும் உள்ளன. வாவிப் பறவைகள் அடுத்த ஆண்டும் வரக்கூடும். அச்சுவடிகளையும் அம்முகங்களையும் செல்லும் ஆண்டுகள் நமக்கு விட்டுவைப்பதில்லை. 2005 முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் பேணி வருகின்றது; நம் மாணவர் எடுக்கும் படங்களும் மூலக்கோப்போடு, உரியவர் இசைவோடு, இரண்டு இடங்களிற் சேமிக்கப்படுக. வருகின்ற பள்ளி விடுமுறையிலேயே கதிரவெளி முதற் பனிச்சங்கேணி வரை வீடு வீடாகச் சென்று ஏடுகளின் பட்டியல் எடுக்கும் வேலையை மன்றத்தார் தொடங்குவாராக.