பெயர் மாறலாம், எண் மாறக் கூடாது

தூத்துக்குடி ஒரே ஊர்தான். ஆனால் ஆங்கிலப் பட்டியல்களில் ஒன்று 'டூட்டிகோரின்' என்கிறது. இன்னொன்று தூத்துக்குடி என்றே எழுதி ஒரு 'கே' போடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு 'கே'. படிக்கிற நமக்குக் குழப்பமில்லை. மூன்றையும் கணினியில் சேர்த்தால் அது மூன்று மாவட்டமாக எடுத்துக்கொள்ளும். திருப்பத்தூர் இதற்கு நேர்மாறு: அந்தப் பெயரில் ஒரு மாவட்டம் இருக்கிறது, சிவகங்கை மாவட்டத்தில் ஒரு வட்டமும் இருக்கிறது. பெயரை மட்டும் நம்பினால் ஒன்றின் கணக்கு மற்றதில் போய் விழும்.

இதைத் தவிர்க்கத்தான் கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியல். ஒரு பொருளுக்கு ஒரே அதிகாரப்பூர்வப் பெயர், மற்ற பெயர்களும் எழுத்துக்கூட்டல்களும் அதன்கீழ், எல்லாவற்றுக்கும் அடையாளமாக ஓர் எண். எது எதற்குள் அடங்கும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இந்திய ஊர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் 'லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி', சுருக்கமாக எல்.ஜி.டி. மாநிலம் முதல் கிராமம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட். தமிழ்நாட்டுக்கு 33, நம் கடைகளின் ஜி.எஸ்.டி. எண் தொடங்குகிற அதே 33. இந்தப் பட்டியலின் அருமை, கிராமத்தை இரண்டு பக்கமும் இணைப்பதில் இருக்கிறது. வருவாய்க் கிராமம் தாசில்தாரின் வட்டத்துக்குள் வரும், ஊராட்சி பி.டி.ஓ.வின் ஒன்றியத்துக்குள் வரும். இரண்டுக்கும் எல்லை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஊரின் நிலக் கணக்கையும் ஊரக வேலைத் திட்டக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, எந்தக் கிராமம் எந்த ஊராட்சியில் என்ற இந்த இணைப்பு இல்லாமல் முடியாது.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றியது; விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றது. பெயரையே அடையாளமாக வைத்திருக்கும் துறைக்கு இப்படி ஓர் ஆணை வந்தால் எல்லாக் கோப்பையும் திருத்த வேண்டும், பிறகு பழையபடி மாற்ற வேண்டும். எண்ணை வைத்திருக்கும் துறைக்குப் பொதுப்பட்டியலில் பெயர் மாறினால் போதும்.

பெயர் அப்படியே இருக்க, ஊர் மாறிவிடுவது இன்னும் ஆபத்து. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39 லட்சத்துக்கு மேல். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபின் உள்ள வேலூர் அதில் பாதிகூட இல்லை. இந்த ஆண்டின் மருத்துவமனைப் படுக்கைகளைப் பழைய மக்கள்தொகையால் வகுத்தால் வரும் விடை பொய். ஆகவே எந்த மாவட்டம் எந்தத் தேதியில் எதிலிருந்து பிரிந்தது என்ற வரலாறும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். அதைப் பராமரிக்க ஆள் போடாமல் பட்டியல் மட்டும் வைத்திருப்பதில் பயனில்லை.

ஊர்களுக்கு மட்டுமல்ல, பொருள்களுக்கும் இந்த முறை பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோவாக்' பட்டியலில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண். அதே எண்ணுக்கு ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும் சொல் உண்டு. ஒருவர் தம் மொழியில் தேடினாலும் வேறு மொழியில் அதே பொருள் குறிக்கப்பட்ட சட்டம் கைக்கு வருகிறது.

அரசுத் தரவை எக்செல் கோப்பாகப் பார்க்கும்போது எல்.ஜி.டி. கோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 2(ஜே) பிரிவு, கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையைத் தருகிறது. மனுவில் 'எல்.ஜி.டி. கோட் உள்ள பத்தியுடன்' என்று சேர்த்து எழுதிக் கேளுங்கள்.