பாடசாலை விட்ட பின்னர்

இலங்கையில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நண்பகலை அடுத்து முடிந்துவிடுகின்றது. அதன்பின் விளக்கேற்றும் வேளைவரை நாலைந்து மணிநேரம் எஞ்சுகின்றது. இப்பொழுது யாருக்கு உரியது என்னும் வழக்கு இன்று பல இல்லங்களில் நடைபெறுகின்றது. பரீட்சைக்கு உரியது என்பர் பெற்றோர். விளையாட்டுக்கு உரியது என்று பிள்ளை வாய்விட்டுக் கூறாவிடினும், அதன் கண் முற்றத்தையே நாடுகின்றது. விளையாட்டும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்று கொள்வதனாலேயே இவ்வழக்கு எழுகின்றது. ஐந்து வயது முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைக்கு அவை இரண்டல்ல என்பதை உணர்ந்தால் வழக்கு எளிதில் தீரும்.

பெற்றோரின் கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டில், இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வறிய குடும்பத்துத் திறமையுள்ள பிள்ளைகள் நல்ல பாடசாலைகளுக்குச் செல்லப் புலமைப்பரிசிலும் வழிசெய்தது. இன்று ஐந்தாந் தரப் பரீட்சை உதவிப்பணம் பெறுதற்கும், பெயர்பெற்ற பாடசாலைகளில் ஆறாந் தரத்திற் சேருதற்கும் வாயிலாக இருக்கின்றது. ஆகவே அதனைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அவ்வாயிலை நோக்கிய ஓட்டம் மூன்றாந் தரத்திலேயே தொடங்கிவிட்டால், பிள்ளை பாடசாலையிலிருந்து ரியூசன் வகுப்புக்கும், அங்கிருந்து வீட்டு மேசைக்கும் செல்லுமேயன்றி முற்றத்துக்கு இறங்காது. கேட்ட கேள்விக்கு விடை எழுதப் பழகும். தானாகக் கேள்வி கேட்கும் பழக்கம் மெல்ல நழுவிவிடும். இது சிறிய இழப்பன்று.

விளையாட்டின் வழியே குழந்தை கற்கின்றது என்பது புதிய கொள்கையுமன்று. ஜேர்மனியிற் பிறீட்றிக் புறோபல் என்பவர் 1837ஆம் ஆண்டிற் சிறுவருக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களையே பாடக் கருவிகளாக்கினார். ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை எனக் கூறுகின்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. எனவே விளையாட்டு, பாடம் முடித்த பிள்ளைக்குப் பெற்றோர் அளிக்கும் சலுகையன்று.

எத்தகைய விளையாட்டு எதனைக் கற்பிக்கும் என்பதை இனி நோக்கலாம். இதற்கு விலைகொடுத்து வாங்கும் கருவிகள் வேண்டியதில்லை.

முதலில் எண்ணறிவை எடுத்துக்கொள்வோர் கொக்கான் ஆட்டத்தைக் காணட்டும். ஐந்து கல்லைக் கொண்டு ஆடும் முறையில் ஒன்றை மேலே எறிந்து, அது கீழே விழுமுன் நிலத்திலுள்ள நான்கையும் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், அடுத்து இரண்டிரண்டாக, பின்னர் மூன்றும் ஒன்றுமாக, ஈற்றில் நான்கையும் ஒருங்கே. நான்கு என்னும் எண்ணை எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என்பதைப் பிள்ளையின் விரல்களே கற்றுக்கொள்கின்றன. பல்லாங்குழி இதனினும் நுட்பமானது. இரு வரிசையிற் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து வீதம் இட்டால் எழுபது புளியங்கொட்டை. எக்குழியிலிருந்து எடுத்தாற் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று கையை வைக்கும் முன்பே கணக்கிடும் பிள்ளைதான் வெல்லும். சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்திற் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெலிய இதற்கு உறவான ஆட்டமாகும். கடை விளையாட்டிலும் கணிதம் உண்டு. ஒரு தடியின் இரு முனையிலும் சிரட்டைகளைக் கட்டி, நடுவிற் கயிறிட்டுத் தூக்கினால் தராசு ஆயிற்று. கயிறு நடுவிலிருந்து சிறிது விலகினால் வெறுஞ் சிரட்டைகளே சமன் குலைந்து நிற்பதைப் பிள்ளை காணும். கள்ளத் தராசு எவ்வாறு உண்டாகின்றது என்பதையும் அப்பொழுதே அறிந்துகொள்ளும்.

இயற்கை அறிவுக்கு முற்றமே போதிய ஆய்வுகூடம். வெளியான இடத்தில் ஒரு தடியை நேராக நாட்டி, பிற்பகல் மூன்று மணி தொடக்கம் அரைமணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொல்லலாம். மாலை நெருங்க நெருங்கக் கற்களுக்கிடையேயுள்ள தூரம் கூடிக்கொண்டே போகும். நேரம் ஒரே அளவாகச் செல்லும்போது நிழல் ஏன் விரைகின்றது என்ற வினா பிள்ளையிடம் தானாகவே பிறக்கும். அதே தடியை மார்கழியிலும் ஆனியிலும் நோக்கினால், மாலை நிழல் முன்னதில் வடகிழக்காகவும் பின்னதிற் தென்கிழக்காகவும் சாய்வதைக் காணலாம். சூரியன் என்றும் நேர் மேற்கிலே மறைகின்றான் என்று மனனஞ் செய்த பிள்ளை, அங்கே தன் கண்ணை நம்பக் கற்கும்.

மலையகத்தில் முகில் மூடிய நாள்களில் நிழல் விழாது. அங்கே மழையே பாடமாகலாம். பக்கங்கள் நேரான ஒரு தகரப்பேணியை வெளியில் வைத்து, நாள்தோறும் அதில் நிற்கும் நீரை அடிமட்டத்தால் அளந்து கொப்பியிற் குறிக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் உறவினர் பிள்ளையும் அவ்வாறே குறித்து வந்தால், தென்மேற்குப் பருவக்காற்று ஒருவர் பேணியை நிரப்பும் மாதங்களில் மற்றவர் பேணி வறண்டு கிடப்பதை இருவரும் அறிவர். தேசப்படத்தில் அம்புக்குறியாக மட்டும் இருந்த பருவக்காற்று அப்பொழுது உயிர் பெறும்.

கொழும்பின் மாடிவீடுகளிற் குடியிருப்போருக்கு முற்றம் இல்லை. அவர்களுக்கு இரண்டு சிறு கிண்ணமும் ஒரு பிடி பயறும் போதும். ஈரப்பஞ்சில் முளைக்கவிட்டு, ஒன்றை யன்னல் ஓரத்திலும் மற்றதை இருண்ட அலுமாரியிலும் வைத்தால், இருளில் உள்ளது விரைந்து நீண்டு வளரும். அது வென்றுவிட்டது என்று பிள்ளை மகிழக்கூடும். பின்னர் அதன் மஞ்சள் நிறத்தையும் மெலிந்த தண்டையும் கண்டு தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்ளும்.

தை மாதத்தில் யாழ்ப்பாணத்து வானத்தைப் பட்டங்கள் நிறைக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் நடைபெறும் பட்டவிழா பேர்பெற்றது. அங்கு ஏறும் பெரும் பட்டங்கள் முதிர்ந்தோரின் கைவண்ணமாயினும், ஈர்க்கும் மெல்லிய தாளும் கொண்டு சிறுவர் கட்டும் பட்டத்திலும் அதே இயல்விதிகளே அமைந்துள்ளன. இருபுறமும் சமமாக இல்லாத பட்டம் ஒருபக்கம் சாயும். முச்சை பிழைத்தால் எழாமற் சுழலும். வால் குறைந்தால் நிலைகொள்ளாது தவிக்கும். பிழையைச் சுட்டிக்காட்ட அங்கே ஆசிரியர் வேண்டியதில்லை; காற்றே காட்டிவிடும். மின்கம்பிகளுக்கு அப்பாற்பட்ட வெளியிலே விடவேண்டும் என்ற ஓர் எச்சரிக்கை மட்டும் மூத்தோருடையது.

மொழியறிவுக்கு வீட்டிலுள்ள பாட்டியே சிறந்த நூல்நிலையம். நாளுக்கு ஒரு நொடி கேட்டு, விடையோடு கொப்பியில் எழுதிவரும் பிள்ளை, உவமையும் சிலேடையும் எவை என்பதை இலக்கணப் பெயர் அறியாமலே அறிந்துவிடும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவருக்கெனப் பாடிய ஆடிப்பிறப்பு முதலிய பாடல்களை ஓதுவதோடு நில்லாமல், கூழும் கொழுக்கட்டையும் இருப்பதாகப் பாவனை செய்து நடித்தாற் சொற்களும் மனத்தில் நிற்கும். ஓர் ஊரின் வழக்கமும் நிற்கும்.

இவற்றுள் எதுவும் கற்பிக்காத ஒன்றைக் கிளித்தட்டுக் கற்பிக்கின்றது. கோடுகளை ஒரு பகுதியார் காக்க, நடுக்கோட்டில் ஓடும் கிளிக்கு அகப்படாமல் மறுபகுதியார் கடந்து மீளவேண்டும். தனியே விரைந்தோடும் பிள்ளை பெரும்பாலும் பிடிபடும். ஒருவன் காவலனின் கவனத்தை ஈர்க்க மற்றவன் கடப்பதே வெற்றிக்கு வழி. தொட்டதா, இல்லையா என்ற பிணக்கையும் சிறுவர் தாமே பேசித் தீர்க்கவேண்டும். தீர்க்காவிடின் ஆட்டம் நின்றுவிடும். விட்டுக்கொடுத்தலின் பயனை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

இத்துணை நன்மைகளும் விளைவது மூத்தோர் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது. பல்லாங்குழி ஆடும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, ஐந்தும் ஏழும் எத்தனை என்று வினவத் தொடங்கினால் விளையாட்டும் கெடும், பாடமும் கெடும். எதனைச் செய்வது என்பதைப் பிள்ளையே தெரியட்டும். செயல் அதன் கையாலேயே நடைபெறட்டும். கோணலாகக் கட்டிய பட்டத்தை வாங்கித் திருத்திக் கொடுத்தல் உதவியாகாது. முடிந்தபின், “ஏன் அப்படி ஆயிற்று?” என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படட்டும். விடை அன்றே வராவிட்டாலும் குறையில்லை. புள்ளியிடுதலும், அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் இங்கே அறவே ஆகா.

தொழில் முடித்து மாலையிலே வீடு திரும்பும் தாய் தந்தையர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயும், நகரத்துக் காரியாலயத்தில் வேலைசெய்யும் தாயும் இதில் ஒரே நிலையில் உள்ளனர். ஆனால் இவ்விளையாட்டுகளுக்குப் பெற்றோர் முழுநேரமும் உடனிருத்தல் வேண்டா. பாட்டியோ, மூத்த சகோதரியோ, அயலிலுள்ள ஒருவரோ கண்காணித்தாற் போதும். இரவு உணவின்போது அன்றைய நிழலையோ மழையையோ பற்றிப் பிள்ளை சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பதே பெற்றோரின் பங்கு. அந்தப் பத்து நிமிடமும் கைத்தொலைபேசி மூடிக் கிடக்கவேண்டும். பிள்ளையுடையது மட்டுமன்று, பெற்றோருடையதுந்தான்.

பரீட்சை ஆண்டிலே நாள்முழுவதும் விளையாட விடுமாறு எவரும் கூறார். பயிற்சித் தாளுக்கும் இடம் உண்டு. அதற்கு முன்னர், வெயில் தணிந்த பின், ஒரு மணிநேரம் முற்றத்துக்கு ஒதுக்கப்படுமாயின் அது பரீட்சையிலிருந்து திருடிய நேரமாகாது. புலமைப்பரிசில் கிடைக்கும் பிள்ளைகள் சிலர். கிடைக்காத பிள்ளைகள் பலர். பெறுபேறு வெளியாகும் நாளில் அப்பலருக்கும் கையில் ஏதேனும் எஞ்சவேண்டும் அன்றோ? தானே கட்டிய பட்டமும், தானே அளந்த மழையும், தானே கண்ட நிழலும் எந்த வெட்டுப்புள்ளிக்கும் கட்டுப்பட்டவை அல்ல.